ஃபேடுன்னா இருட்டு இல்ல, அண்ணாச்சி!

மக்களே, ரொம்ப நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதனால இந்தப் பக்கம் வரவே முடியல. இன்னிக்கு வந்ததுக்குக் காரணம் சந்தோஷம் இல்ல, கோபம். அதுவும் ஒரு வீடியோ எஃபெக்ட் மேல கோபம். "இதுக்கெல்லாமா ஒரு பதிவு?"ன்னு ஆரம்பிக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க, கும்மியைக் கடைசில வச்சிக்கலாம்.

விஷயம் இதுதான். பெரிய படத்துக்குள்ள ஒரு ஓரமா சின்னப் படம் வருமே, பிக்சர் இன் பிக்சர்னு சொல்றோமே, அந்தச் சின்னப் படம் எப்படி வரணும், எப்படிப் போகணும்?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா, விருதுநகர்ல இறங்கி சிவகாசி பஸ் பிடிச்சு, ஆமத்தூர் தாண்டி, கண்டக்டர் "இங்கயா?"ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டு விசில் அடிக்கிற ஊரு. அத்தை மக கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைக்கல (முறைப்பொண்ணுதான், அது வேற கதை, உள்குத்து எதுவும் தேட வேண்டாம்). அதனால கல்யாண வீடியோ பார்க்கிறதுக்குன்னே ஒரு நாள் உக்கார வச்சாங்க.

என் மாமா வெடி ஆபீஸ்ல வேலை பார்த்தவரு. எங்க பக்கம் பட்டாசு ஃபேக்டரின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அவ்வளவுதான். பொண்ணு நாலாவது படிக்கும்போது ஒரு நாள் காலையில சாப்பாட்டுத் தூக்கோட போனவரு, மருந்து ரூம்ல நடந்த விபத்துல இறந்துட்டாரு. வீட்டுல இருக்கிறது அவரோட ஒரே ஒரு ஃபோட்டோ. பாஸ்போர்ட் சைஸ்ல எடுத்ததைப் பெருசாக்கி, ஃப்ரேம் போட்டு, மேல ஒரு சிவப்பு சீரோ வாட்ஸ் பல்பு எரியும்.

தாலி கட்டுற நேரத்துல அவரு படம் வரணும்னு அத்தை வீடியோக்காரர்கிட்ட கேட்டிருக்கு. அவரும் போட்டிருக்காரு. எப்படின்னா, கெட்டிமேளம் ஆரம்பிக்குது. வலது பக்கம் மேல திடீர்னு ஒரு கறுப்புக் கட்டம் வந்து உக்காருது, சரியா அத்தை முகத்து மேல. அந்தக் கறுப்புக்குள்ள இருந்து மெதுவா மாமா தெரியறாரு. நாலு செகண்ட். அப்புறம் திரும்பவும் கறுப்பாகிறாரு. வெறும் கறுப்புக் கட்டம் அரை செகண்ட் நிக்குது. பட்டுன்னு காணாமப் போயிடுது.

ரூம்ல ஒரு நிமிஷம் யாரும் பேசல. அத்தைதான் சொல்லிச்சு: "ஏய்யா, உங்க மாமா வரும்போதும் இருட்டு, போகும்போதும் இருட்டு. அப்புறம் பட்டுன்னு இல்லாமப் போயிர்றாரே. எதுக்குய்யா இப்படி?"

பட்டுன்னு. வேற ஊர்ல அது ஒரு சாதாரண வார்த்தை. எங்க ஊர்ல, அந்த வீட்டுல, அது சாதாரண வார்த்தை இல்ல.

அந்த வீடியோக்கார அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டேன். நல்ல மனுஷன், கோபப்படவே இல்ல. "தம்பி, நான் ஃபேடு போட்டுத்தான் குடுத்திருக்கேன். ஃபேடு இன், ஃபேடு அவுட் ரெண்டும் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"னாரு. அவரு சொன்னது உண்மைதான். சாஃப்ட்வேர்ல ஃபேடுன்னு எழுதியிருந்த பட்டனை அமுக்கியிருக்காரு. அதனால என் சண்டை அவரோட இல்ல. என் சண்டை மூணு கோஷ்டியோட.

முதல் கோஷ்டி: ஃபேடுன்னா கறுப்புன்னு முடிவு பண்ணுன சாஃப்ட்வேர்க்காரங்க

அதாவது நம்ம ஆளுங்க, பொட்டி தட்டுற கூட்டம்.

ஃபேடுல ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு, படத்தோட வெளிச்சத்தைக் குறைச்சுக் குறைச்சுக் கறுப்பாக்குறது. சினிமா முடியும்போது திரை முழுக்க இருட்டாகுமே, அது. இன்னொண்ணு, படத்தோட ஒளிபுகும் தன்மையை மாத்துறது. சின்னப் படம் கண்ணாடி மாதிரி கரைஞ்சு, பின்னாடி இருக்கிற பெரிய படம் தெரிய ஆரம்பிக்கும். இதுக்குத்தான் ஆல்ஃபான்னு ஒரு தனி சேனல் இருக்கு. சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் பக்கத்துல நாலாவதா ஒரு எண். 1970-களோட கடைசியில நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் கொண்டுவந்த யோசனை. 1984-ல தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ரெண்டு பேரும் படத்து மேல படம் வைக்கிறதுக்கான கணக்கு முழுக்க எழுதி வச்சிட்டாங்க. நாற்பது வருஷம் தாண்டியாச்சு. இது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல (சிவகாசிக்காரன் ராக்கெட்டைப் பத்திப் பேசலாம், தப்பில்ல :) ).

திரை முழுக்க இருக்கிற படத்துக்கு முதல் ஜாதி போதும். பின்னாடி ஒண்ணும் இல்லையே. ஆனா ஓரத்துல இருக்கிற சின்னப் படத்துக்கு அதைப் போட்டா என்ன ஆகும்? கறுப்புக் கட்டம்தான் ஆகும். யோசிச்சா அஞ்சாவது படிக்கிற பையனுக்குக் கூடப் புரியும். ஆனா டிஃபால்ட் என்ன தெரியுமா? பாதி எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு அடியில ஓடுற எஃப்எஃப்எம்பெக்கையே எடுத்துக்கோங்க. அதோட ஃபேடு ஃபில்டர்ல நிறம் எதுவும் சொல்லலைன்னா கறுப்பு. ஆல்ஃபான்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அது நாம சொல்லலைன்னா பூஜ்யம். ஒண்ணுன்னு நாமளா எழுதினாத்தான் கரையும். அதுலயும் ஒரு கண்ணி: உள்ள வர்ற படத்துல ஆல்ஃபா சேனலே இல்லைன்னா, ஒண்ணுன்னு எழுதினாலும் கரையாது. ஸ்கேன் பண்ணுன ஜேபெக் ஃபோட்டோல ஆல்ஃபா எங்கிருந்து வரும்? முதல்ல ஆல்ஃபா இருக்கிற ஃபார்மட்டுக்கு மாத்தணும், அப்புறம் ஃபேடு, அப்புறம்தான் மேல ஒட்டணும். இந்த வரிசையை விருதுநகர் பஜார்ல மொட்டை மாடி ரூம்ல உக்காந்து ஒரு நாளைக்கு மூணு கல்யாணம் எடிட் பண்ற அண்ணாச்சி எங்க போய்ப் படிப்பாரு?

அவருக்கு இருக்கிறது ஒரு பட்டன். அதுல ஃபேடுன்னு எழுதியிருக்கு. எந்த ஃபேடுன்னு எழுதல. டிஃபால்ட் வச்சவன் மேல எனக்குக் கோபம் வருமா வராதா? நானும் தினம் டிஃபால்ட் வைக்கிறவன்தான். ஒரு பூஜ்யத்தை அலட்சியமா எழுதிட்டு காபி குடிக்கப் போறோம். அந்தப் பூஜ்யம் பத்து வருஷம் கழிச்சு யாரோ ஒரு அத்தை முகத்து மேல கறுப்புக் கட்டமா போய் உக்காருது.

ரெண்டாவது கோஷ்டி: "ஃபேடெல்லாம் கல்யாண கேசட் வேலை பாஸ்"

இவங்க நம்ம வலையுலகத்துலயே நிறைய இருக்காங்க. நாலு உலக சினிமா பார்த்திருப்பாங்க. "கட்டுதான் சினிமாவோட இலக்கணம், ஃபேடு டிஸ்ஸால்வெல்லாம் பாமரத்தனம்"பாங்க. இதுல ஒரு நுண்ணரசியல் இருக்கு. கல்யாண கேசட்டைக் கேவலமா பேசினா நாம உயர்ந்த ரசனைக்காரன் ஆயிடலாம்.

ஐயா சாமிகளா, எங்க ஊர்க்காரனுக்கு இந்தக் கரையுற ஓரம் சினிமாவுல இருந்து வந்ததில்ல. காலண்டர்ல இருந்து வந்தது. 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும். லேபிளுக்கு அச்சகம் வேணும். அச்சகம் வந்ததும் காலண்டர், போஸ்டர், டைரின்னு சிவகாசி ரெண்டாவது தொழிலைப் பிடிச்சுச்சு. கோவில்பட்டில கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைஞ்ச சாமி படமெல்லாம் சிவகாசியில அச்சாகி ஊரூரா வீட்டுச் சுவத்துல தொங்குச்சு.

பழைய காலண்டரையோ கட்சி போஸ்டரையோ நல்லாப் பாருங்க. நடுவுல பெரிய படம். மேல மூலையில ஒரு சின்ன வட்டம், அதுல மறைஞ்ச தலைவரோ, முதலாளியோட அப்பாவோ. அந்த வட்டத்துக்குக் கறாரான கோடு இருக்காது. ஓரம் மேகம் மாதிரி கரைஞ்சிருக்கும். அச்சுல அது எப்படி நடக்குதுன்னா, ஹாஃப்டோன் புள்ளிங்க ஓரத்துக்குப் போகப் போகச் சின்னதாகி, காகிதத்தோட வெள்ளைல கலந்துடும். நம்ம ஆல்ஃபா சேனல் பண்ற வேலையை அந்தப் புள்ளிங்க கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே பண்ணிருச்சு. கறாரான கட்டம்னா உயிரோட இருக்கிற ஆளு. மேகத்துல கரைஞ்ச ஓரம்னா இல்லாத ஆளு, ஆனா நம்மளைப் பார்த்துட்டு இருக்கிற ஆளு. இதை எங்க ஊர்ல யாரும் சொல்லிக் குடுக்கல, எல்லாருக்கும் தெரியும். இது ஒரு இலக்கணம். உங்க கட்டுக்கு இருக்கிற மாதிரியே.

காகிதத்துல ஓரம் கரையுது. வீடியோவுல நேரம் கரையுது. அவ்வளவுதான் வித்தியாசம். அத்தைக்கு ஆல்ஃபான்னா என்னன்னு தெரியாது. ஆனா அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்ததுமே இது தப்புன்னு தெரிஞ்சது.

அதே நேரத்துல இந்தக் கோஷ்டிக்கு ஒரு இடத்துல நான் ஒத்துப்போறேன். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. நாற்பது பேரளவுல செத்தாங்க. அதுல நிறைய பேரு அந்த ஆலையில வேலை பார்த்தவங்களே இல்ல, புகையைப் பார்த்துட்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிப்போனவங்க. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். அங்கயும் இருபது பேரளவுல. இந்த மாதிரி நாள்ல டிவியப் போட்டா, பேசுறவர் தலைக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கட்டம். அதுல ஒரே இருபது செகண்ட் புகை திரும்பத் திரும்ப ஓடும். அப்புறம் தீபாவளி வந்தா, கம்பி மத்தாப்பு பிடிக்கிற குழந்தை மேல அந்தப் புகை மெதுவா ஃபேடாகி வர்ற மாதிரி, பின்னாடி வயலின் அழுற மாதிரி குறும்படங்கள் வேற. அதைப் பார்த்தா எனக்கு நற நறன்னு வருது. விபத்து மெதுவா கரைஞ்சு வர்றதில்ல. அதை அழகா, வழவழன்னு கொண்டு வந்து நிறுத்துறது பொய். அங்க கட்டுதான் நேர்மை.

என் கட்சி இதுதான்: ஆளுக்கு ஃபேடு, சம்பவத்துக்குக் கட். நம்ம ஊடகம் இதைத் தலைகீழா பண்ணுது. விபத்தை அலங்காரம் பண்ணி மெதுவா இறக்குது. செத்த மனுஷனைப் பாஸ்போர்ட் சைஸ் கட்டமா பட்டுன்னு ஒட்டிப் பட்டுன்னு பிய்க்குது.

மூணாவது கோஷ்டி: "யாருப்பா இதெல்லாம் கவனிக்கப் போறா?"

இவங்கதான் ஆபத்தானவங்க. டெம்ப்ளேட் கோஷ்டி. இதயம் வடிவத்துல கட்டம், அது சுத்திச் சுத்தி வந்து நிக்கும், ரோஜா இதழ் கொட்டும், அதுக்குள்ள செத்துப்போன அப்பா. கேட்டா "கஸ்டமர் இதைத்தான் விரும்புறாங்க"ம்பாங்க. விருதுநகர் எண்ணெய் பரோட்டா சாப்பிடுறவன் எண்ணெயில போட்டது எல்லாத்தையும் சாப்பிடுவான்னு நினைக்கிற மாதிரி இருக்கு இது.

அந்தக் குடும்பத்துல யாரும் சினிமாவுல வரப்போறதில்ல. அவங்களைப் பத்தி யாரும் ஆவணப்படம் எடுக்கப்போறதில்ல. எடுத்தாலும் விபத்து நடந்த வாரத்துல வந்து எடுத்துட்டுப் போவாங்க. அந்தக் கல்யாண வீடியோதான் அவங்க குடும்பமே சேர்ந்து இருக்கிற ஒரே படம். அதுல மாமா இருக்கிறது நாலு செகண்ட். அந்த நாலு செகண்டை ஒழுங்கா பண்ண மாட்டியாடா?

சரி, திட்டினது போதும். வேலையைச் சொல்றேன். அத்தை வீட்டுலயே லேப்டாப்பைத் திறந்து அந்தத் துண்டை மட்டும் திரும்பப் பண்ணினேன். யாருக்காவது உதவும்.

முதல்ல, கட்டத்தை நகர்த்தினேன். அத்தை முகத்து மேல இருந்து எடுத்து, மணவறைத் தூணுக்குப் பக்கத்துல காலியா இருந்த இடத்துக்கு. எஃபெக்ட் போடறதுக்கு முன்னாடி கண்ணைப் போடணும்.

ரெண்டாவது, ஃபோட்டோவுக்கு வெள்ளை பார்டர், நிழல் எல்லாம் தனித்தனி டிராக்ல இருந்துச்சு. அதுங்களைத் தனித்தனியா ஃபேடு பண்ணினா பாதி வழியில முகத்துக்குள்ள பார்டரோட வெள்ளை தெரியும், ஆவி மாதிரி. எல்லாத்தையும் முதல்ல ஒரே கிளிப்பா கட்டி (நெஸ்ட்னு சொல்வாங்க), அந்தக் கட்டுக்கு மட்டும் ஃபேடு. முதல்ல ஒட்டு, அப்புறம் கரை.

மூணாவது, ஃபேடு எஃபெக்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு ஒபாசிட்டில கீஃப்ரேம் வச்சேன். வீடியோ செகண்டுக்கு 25 ஃப்ரேம். பூஜ்யத்துல இருந்து நூறுக்கு 12 ஃப்ரேம்ல வந்தா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எட்டு சதவீதம் ஏறும், கண்ணுல அடிக்கும். 50 ஃப்ரேம் குடுத்தா ரெண்டு ரெண்டு சதவீதம். போறதுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம், 75 ஃப்ரேம். வர்றதை விட போறது மெதுவா இருக்கட்டும்.

நாலாவது, நேர்கோட்டுல ஏத்தினா ஆரம்பிக்கிற இடமும் முடியுற இடமும் ஒரு வெட்டு மாதிரி தெரியும். கீஃப்ரேமுக்கு ஈஸ் குடுத்தா ஆரம்பமும் முடிவும் வழுக்கிட்டுப் போகும். கூடவே சுத்துறது, பெருசாகிறது எதுவும் கூடாது. ஒரு நேரத்துல ஒரே மாற்றம்.

அஞ்சாவது, இது எங்க ஊர்க்காரங்களுக்கு ஸ்பெஷல். பின்னாடி ராத்திரி வாணவேடிக்கை ஓடும்போது சின்னப் படத்தைக் கரைச்சீங்கன்னா பொறியெல்லாம் மங்கிச் சாம்பலாகும். காரணம் காமா. வீடியோல பாதின்னு எழுதியிருக்கிற எண், திரையில பாதி வெளிச்சம் இல்ல, அஞ்சுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். சாஃப்ட்வேர்ல லீனியர் கலர்னு ஆப்ஷன் இருந்தா போட்டுப் பாருங்க, பொறி பொறியாவே இருக்கும். இல்லைன்னா வெடி ஓடுற இடத்துல ஃபேடு வைக்காம நாலு செகண்ட் தள்ளி வைங்க. அதுக்குப் பேருதான் எடிட்டிங்.

இவ்வளவுதாங்க. அரை மணி நேர வேலை. பட்டாசுக்குத் திரின்னு ஒண்ணு எதுக்கு வைக்கிறாங்க? பத்த வைக்கிறவன் ரெண்டு அடி தள்ளிப் போகறதுக்கு. திரி இல்லாத வெடியை யாரு கையிலயாவது குடுப்பீங்களா? ஃபேடும் அந்தத் திரிதான். இறந்தவரு முகத்தைப் பார்க்கப் போறோம்னு மனசு ஒரு ரெண்டு செகண்ட் தயாராகிறதுக்கு. அதைக் கூடக் குடுக்க மாட்டேன்னா என்ன அர்த்தம்?

எக்ஸ்போர்ட் பண்ணி அத்தைகிட்ட காட்டினேன். கெட்டிமேளம். தூணுக்குப் பக்கத்துல மாமா மெதுவா வர்றாரு. கீழ மக கழுத்துல தாலி ஏறுது. மாமா மெதுவா போறாரு. அவரு கரையும்போது பின்னாடி இருந்த மாவிலைத் தோரணம் அவரு முகத்துக்குள்ள தெரிஞ்சு, அப்புறம் தோரணம் மட்டும்.

நான் பெரிய வேலை பண்ணிட்ட நினைப்புல அத்தை மூஞ்சியப் பார்த்தேன். அழும்னு நினைச்சேன், அழல. "நல்லாருக்குய்யா. ஆனா அவசரமா கிளம்புறாரே. மூணு முடிச்சும் முடியுற வரைக்கும் இருக்கச் சொல்லேன்"னுச்சு.

அப்பத்தான் உறைச்சது. வர்றதுக்கும் போறதுக்கும் இவ்வளவு கணக்குப் போட்டவன், இருக்கிறதுக்குக் கணக்கே போடல. பழைய நாலு செகண்டையே அப்படியே விட்டிருந்தேன். டிஃபால்ட்! ஊரைத் திட்டிட்டு நானும் அதே வேலையைத்தான் பண்ணியிருக்கேன். அவ்வ்வ்வ்.

இழுத்து 11 செகண்ட் ஆக்கினேன். மூணாவது முடிச்சு நாத்தனார் போட்டு முடிச்சதும்தான் இப்ப மாமா கிளம்புறாரு.

டிஸ்கி 1: அந்த வீடியோக்கார அண்ணாச்சிக்கு ப்ராஜெக்ட் ஃபைலை அப்படியே அனுப்பியிருக்கேன். "தம்பி, இதை எல்லா கல்யாணத்துக்கும் வச்சுக்கவா?"ன்னு கேட்டாரு. வச்சுக்கோங்கன்னேன். ஆனா 11 செகண்டை மட்டும் டிஃபால்ட் ஆக்கிடாதீங்க, ஒவ்வொரு வீட்டுலயும் கேளுங்கன்னேன்.

டிஸ்கி 2: "கட்டுதான் கலை"ன்னு பின்னூட்டம் போட வர்றவங்க, முதல்ல உங்க வீட்டுக் கல்யாண வீடியோவை ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டு வாங்க. சண்டையை அப்புறம் வச்சிக்கலாம் :)